நோயைக் கண்டோம், முகத்தைக் கண்டோமா?

வேத பாடம்: லூக்கா 10:30-37



நல்ல சமாரியன் உவமையில் மூவருமே குற்றுயிராய்க் கிடந்தவனைப் பார்க்கிறார்கள். ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். சமாரியன் மட்டும் மனமிரங்கினான். பார்வையில் இருக்கும் இந்த வேறுபாட்டை ஒரு மிஷன் மருத்துவமனையின் வரலாற்றிலிருந்து தியானிப்போம்.

அமெரிக்க மிஷனெரி மருத்துவர் பீட்டர் பார்க்கர் 1835-ஆம் ஆண்டு சீனாவின் கான்டன் நகரில் கண் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பெருங்கட்டிகளைச் சுமந்தவர்களும் அங்கே வந்தார்கள். புகைப்படக்கலை இன்னும் பரவாத காலம் அது. ஆகவே அவ்வூர் ஓவியர் லாம் குவா, 1836 முதல் அந்நோயாளிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். பார்க்கர் சிகிச்சைக்குக் கட்டணம் பெறவில்லை. லாம் குவாவும் ஓவியத்திற்குக் கூலி பெறவில்லை. அவருடைய உறவினரான இளைஞர் ஒருவர் பார்க்கரிடம் மருத்துவம் பயின்றார்.

மருத்துவர் தம் அறிக்கையில் நோயாளியின் பெயர், வயது, கட்டி வளர்ந்த விதம், செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுதினார். எழுத்தில் அடங்காத வடிவத்தையும் நிறத்தையும் பருமனையும் ஓவியர் காட்டினார். இரண்டும் சேர்ந்தபோது, கான்டனைக் கண்டிராத மருத்துவர்களும் அந்நோய்களைக் கண்டறிந்தார்கள். 1841-இல் பார்க்கர் இங்கிலாந்து சென்று ஊழியத்திற்கு ஆதரவு தேடியபோது இப்படங்களும் உடன் சென்றன. இன்று 80-க்கும் மேற்பட்டவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

லாம் குவா கட்டியை மட்டும் வரைந்து நிறுத்தவில்லை. பல படங்களில் நோயாளி அமைதியான முகத்தோடு நம்மை நேரே நோக்குகிறார். ஈதர் மயக்கமருந்து பார்க்கரின் கைக்குக் கிடைத்தது 1847-இல்தான். அதற்குமுன் கத்திக்கு உடன்பட்டவர்கள் விழித்திருந்தே வேதனையைத் தாங்கினார்கள். அத்தகைய மனத்திடம் உள்ளவர்களைப் பரிதாபப் பொருளாக மட்டும் பார்ப்பது தகுமா?

நோயைக் காட்டி உதவி கேட்பது எளிது. அதில் மனிதன் மறைந்து புண் மட்டும் மிஞ்சும் ஆபத்தும் உண்டு. உங்களுக்குப் படங்கள் அனுப்பும் எங்களுக்கும், அவற்றைக் காணும் உங்களுக்கும் இது ஓர் எச்சரிப்பு. நோயாளியின் சம்மதமும் மரியாதையும் நமக்குக் கிடைக்கும் காணிக்கையிலும் பெரியவை.

சிந்திக்க:
1. நோயாளியின் படத்தைக் காணும்போது முதலில் எதைப் பார்க்கிறோம்?
2. அந்த இடத்தில் நம் தாயோ பிள்ளையோ இருந்தால், அப்படத்தைப் பிறருக்குக் காட்டச் சம்மதிப்போமா?

ஜெபம்: கர்த்தாவே, உமது சாயலை ஒவ்வொரு முகத்திலும் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.