கரிசல் காட்டு வெயிலுக்கு ஓட்டுக்கூரை: முதன்முறை போடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஓட்டு வீடு கட்ட நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஓடு நல்லது?" என்றுதான். மரமும் சரிவும் முடிவாகட்டும், பிறகு ஓட்டைப் பார்க்கலாம். அந்த வரிசை தப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஓடும் ஒழுகும்.

சிலேட்டுக் கல் போடலாமா?

இமாசலத்தின் காங்ரா, தர்மசாலா பக்கத்துச் சிலேட்டுக் கல் கூரைகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஆசைப்படுகிறார்கள். அங்கே பக்கத்து மலையிலேயே கல் கிடைக்கிறது, அதை அடுக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. நாம் ஆந்திராவின் மார்க்காபுரத்திலிருந்து லாரியில் இறக்க வேண்டும். கருங்கல் நிறத்தில் இருப்பதால் சித்திரை வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு கல் உடைந்தால் மாற்றிக் கொடுக்க இங்கே ஆளும் கிடையாது. நமக்குச் சுடுமண் ஓடுதான் சரி.

முதல் படி: சரிவு

சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழே வரை தரையில் அளந்தால் 8 அடி வருகிறது என்று வையுங்கள். சுவர் மட்டத்திலிருந்து முகடு 4 அடிக்குக் குறையாமல் உயர வேண்டும். நாலரை இருந்தால் இன்னும் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழையில், சரிவு குறைந்த கூரையில் தண்ணீர் ஓட்டின் மடிப்புக்குள் பின்னோக்கி ஏறிவிடும்.

இரண்டாம் படி: மரம்

சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ வாக்கில் இருக்கும். 100 சதுர அடிக் கூரைக்கு 350 கிலோவுக்குக் குறையாது, நனைந்தால் அதற்கு மேலும் ஏறும். கரிசல் மண்ணோ மழையில் உப்பி, கோடையில் வெடிக்கிறது. அஸ்திவாரம் அந்த மண்ணைத் தாண்டிக் கெட்டித்தரையில் நிற்கிறதா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டுப் பாரத்தை ஏற்றுங்கள்.

கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனைக்கு ஈடு இந்த ஊரில் எதுவுமில்லை. ஆனால் பச்சைப் பனையை வெட்டச் சொல்லாதீர்கள். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் பனஞ்சட்டம் வாங்கலாம். உளியால் குத்திப் பாருங்கள்: மாவாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், உளி எகிறினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஓடு

நாட்டு ஓடு வீட்டுக்குள் நல்ல குளிர்ச்சி தரும். ஆனால் மழைக்கு முன் அடிக்கடி பிரித்து அடுக்க வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சீமை ஓட்டுக்கே போகலாம். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வடிவம் இது. ஒன்றின் வரம்பு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும்.

ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் வேக்காடு போதவில்லை, அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அடுத்து, ஓட்டின் மேற்பக்கத்தில் ஓரம் கட்டி ஆறு மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். அடியில் ஈரம் படரலாம், சொட்டக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஊறவைத்து நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது.

நம் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கரிசல் மண்ணில் சுக்கான் கல் கலந்திருக்கும். சலிக்காத மண்ணில் ஓடு அறுத்தால் அந்தக் கல் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். வாங்கும்போது மிளகளவு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான் தெரியும். முதல் மழையில் அது நீர்த்து உப்பி, ஓட்டைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். வெள்ளைப் புள்ளி நிறையத் தெரியும் ஓட்டை வாங்காதீர்கள், பாதி விலைக்குத் தந்தாலும்.

இதனாலேயே எனக்குப் பழைய ஓட்டின் மேல் நம்பிக்கை அதிகம். ஐம்பது மழைக்காலம் தாங்கிய ஓட்டில் தெறிக்க வேண்டியதெல்லாம் எப்போதோ தெறித்து முடிந்திருக்கும். வாங்கும்போது பின்புறம் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரைப் பாருங்கள். எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். அச்சு மாறினால் மடிப்பு பொருந்தாது.

நான்காம் படி: ரீப்பரும் கட்டும்

ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்தான் ரீப்பர். அதன் இடைவெளியை யாரோ சொன்ன கணக்கில் அடிக்க விடாதீர்கள். வாங்கிய ஓட்டில் இரண்டைத் தரையில் பொருத்தி, ஒன்றின் கொக்கியிலிருந்து அடுத்ததன் கொக்கி வரை அளந்து ஆசாரியிடம் கொடுங்கள். சுமார் பன்னிரண்டரை அங்குலம் வரும். இறவாணத்து வரிசையையும் பக்க ஓரங்களையும் துளையில் கம்பி விட்டுக் கட்டுங்கள், ஆடிக் காற்று அங்கேதான் கை வைக்கும். பணம் இடம் கொடுத்தால் அடியில் சீலிங் ஓடும் போடுங்கள். நடுவில் நிற்கும் காற்று வெக்கையை நன்றாகத் தடுக்கும். அந்தப் பாரத்தையும் சேர்த்தே மரம் போட வேண்டும்.

எத்தனை வாங்குவது?

தரையை அளக்காமல், கூரையின் சரிவை அளந்து கணக்குப் போடுங்கள். 100 சதுர அடிக்கு 150 ஓடு, உடைசலும் சேர்த்து. மயிலும் குரங்கும் திரியும் ஊர் என்பதால் அதே அச்சில் ஐம்பது ஓடு கூடுதலாக வாங்கி, படுக்கப் போடாமல் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.