சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதுமா?



பிளஸ் ஒன் சேர்ந்த உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தூரம். அதில் பாதி பஸ் ரோடு. இராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"ஏங்க, லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டுல நம்ம பொண்ணு தனியா எப்படிங்க போவா? பேசாம படிப்பை நிறுத்திடலாமா?"

"அட, நீ ஒண்ணு! நான் எட்டு வயசுல குரங்குப் பெடல் போட்டே கத்துக்கிட்டவன். எனக்கு எந்த வாத்தியார் வந்தார்? அவளுக்குத்தான் ஓட்டத் தெரியுதே, அது போதும்."

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி.

தாயின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பை நிறுத்துவது அதற்கு மருந்து அல்ல. படிப்பு நின்ற வீட்டில் அடுத்து எழுவது கல்யாணப் பேச்சு. பதினெட்டு வயது நிறையும் முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். பெண்ணின் உடம்புக்கும் கேடு. தகப்பனார் தைரியம் சொல்வது நல்லதுதான். ஆனால் அவர் கற்றது விழாமல் ஓட்டுவதற்கு மட்டுமே. அவர் பழகிய காலத்தில் ரோட்டில் இத்தனை வண்டியும் இல்லை, இத்தனை வேகமும் இல்லை.

இரண்டும் வேறு வேறு பாடம்

விழாமல் ஓட்டுவது ஒரு பாடம். மற்ற வண்டிகளோடு சேர்ந்து போவது இன்னொரு பாடம். முதல் பாடத்தை உடம்பு தானே கற்றுக்கொள்ளும். இரண்டாவது பாடத்தை யாராவது சொல்லித்தான் தரவேண்டும். அதில் விழுந்து எழுந்து கற்க முடியாது. ஒரு தடவை தவறினாலே உயிர் போகலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடிப்பதற்குள் 50 மீட்டர்! "பஸ் தூரத்துலதானே வருது" என்று குறுக்கே போகிறவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள். சிறு பிள்ளைகளுக்கோ வண்டியின் வேகத்தை மட்டுக்கட்டும் திறனே முழுமையாக வந்திருக்காது. ஆகவே சிறுவர்களைப் பெரிய ரோட்டுக்குத் தனியே அனுப்பாதீர்கள்.

சர்டிபிகேட் வேண்டுமா?

வேண்டியதில்லை. நம் நாட்டில் லைசென்ஸ் மோட்டார் வண்டிக்குத்தான்; சைக்கிளுக்கு இல்லை. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றால் பயிற்சியும் வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போன பெண்கள் பல்லாயிரம் பேர் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருக்க, பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் எந்த வயதிலும் கற்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

உங்கள் ஊர்ப் பள்ளியிலோ காவல் நிலையத்திலோ சாலைப் பயிற்சி நடத்தினால் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். நடத்தாவிட்டால் நீங்கள் இருவருமே வாத்தியார்கள். ஒரு வாரம், தினம் அரை மணி நேரம் போதும்.

ஒரு வாரப் பாடம்

முதல் நாள்: வண்டியைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல்களும் தரையைத் தொடவேண்டும். தொடாவிட்டால் சீட்டை இறக்குங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். செயின் தொங்கக் கூடாது. மணி அடிக்கவேண்டும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: களத்து மேட்டிலோ பள்ளி மைதானத்திலோ சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கோட்டை விட்டு விலகாமல் ஓட்டவேண்டும். பிறகு, வண்டி ஆடாமல் வலப்பக்கம் திரும்பிப் பின்னால் பார்க்கவேண்டும். பிறகு ஒரு கையை நீட்டிச் சைகை காட்டவேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, குறித்த இடத்தில் நிற்கவேண்டும். மழையில் பிரேக் சட்டென்று பிடிக்காது என்பதையும் சொல்லுங்கள்.

நான்காம் நாள்: ஊர்ப் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே நிற்காமல் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு காலை ஊன்றி நிற்கவேண்டும். வலது பார், இடது பார், மறுபடி வலது பார். அதற்குப் பிறகே ஏறவேண்டும்.

ஐந்தாம் நாள்: ரோட்டில் இடப்பக்கமாகவே போகப் பழக்குங்கள். "வீடு அந்தப் பக்கந்தானே" என்று எதிர்ப்பக்கம் ஓட்டக் கூடாது. வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வண்டி அதிகம் இருந்தால் இடது ஓரமாக இறங்கி நின்று, ரோடு காலியானதும் தள்ளிக்கொண்டு கடக்கவேண்டும். இறங்கித் தள்ளுவதில் அவமானம் இல்லை. இடப்பக்கம் திரும்பும் லாரியின் ஓரத்தில் நுழையவே கூடாது. அந்த இடம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம், ஏழாம் நாள்: பள்ளி விடும், கூடும் நேரத்தில் தகப்பனாரோ தாயாரோ இன்னொரு சைக்கிளில் பின்னாலேயே போங்கள். திட்டாதீர்கள். தவறைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் பாடம் உண்டு

கைக்குழந்தையைக் கேரியரில் வைத்துப் போகும்போது கால் சக்கரக் கம்பிக்குள் சிக்கிக் குதிகால் கிழிந்துவிடும். கால் வைக்கத் தட்டும், சக்கரத்துக்கு மறைப்பும் இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். சேலை முந்தானை, வேட்டி நுனி, துப்பட்டா எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

இருட்டில் போவதானால் முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் வேண்டும். மட்கார்டின் பின்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்து வையுங்கள். முடிந்தால் ஹெல்மெட் வாங்குங்கள். தலையில் படும் அடி குறையும்.

கணவன்மாரே, "சைக்கிள்தானே" என்று குடித்துவிட்டு ஏறாதீர்கள். பயிற்சி, பழக்கம் எதுவும் அப்போது கைகொடுக்காது.

அடி பட்டுவிட்டால்

108-க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், ஓயாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் இவற்றில் எது கண்டாலும் "படுத்தா சரியாயிடும்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வீட்டுப் பரீட்சை

1. வண்டி ஆடாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறாளா?
2. பெரிய ரோட்டில் ஏறுமுன் கால் ஊன்றி நிற்கிறாளா?
3. சொன்ன இடத்தில் பிரேக் பிடித்து நிற்கிறாளா?
4. கூட்டமான இடத்தில் இறங்கித் தள்ளுகிறாளா?
5. வண்டியில் பிரேக், மணி, விளக்கு, ரிப்ளெக்டர் நான்கும் சரியா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் தைரியமாக அனுப்புங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இன்னும் இரண்டு நாள் பழக்குங்கள். மகனுக்கும் இதே பரீட்சைதான். "ஆம்பளைப் பையன், பாத்துக்குவான்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாம் எவ்வளவு ஒழுங்காகப் போனாலும் எதிரே வருகிறவன் ஒழுங்காக வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைக்கிள் மிகுந்த நெதர்லாந்து நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைப் பரீட்சையும் வைக்கிறார்கள், சைக்கிளுக்கென்று தனிப் பாதையும் போட்டிருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை, திருப்பத்தில் விளக்கு, ரோட்டோரத்துக் கருவேல முள்ளை வெட்டுவது ஆகியவற்றைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

பயந்து படிப்பை நிறுத்தாதீர்கள். பழக்காமல் ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் கூடவே போங்கள். பிறகு உங்கள் மகள் தானே போய்த் தானே திரும்பி வருவாள்.