புது ரீச்சரின் வகுப்பைப் பார்த்த பிறகு

1. தீவுப் பள்ளிக்கூடமென்றால், புது ரீச்சரின் படகு நேரத்தைப் பார்த்து வகுப்புக்குப் போங்கள். ஊர்காவற்றுறைக்கு பஸ் ஓடுகிறது, கவலையில்லை. நயினாதீவுக்குக் கடல் கொஞ்சந்தான், ஆனால் ஆனித் திருவிழா நாட்களில் படகில் கால் வைக்க இடமிராது. நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் குறிகட்டுவானில் குமுதினி, வடதாரகை என்று கிடைத்த படகில் ஏறி ஒரு மணி நேரம் ஆடி வந்தவர்கள். கடைசிப் பாடத்தைப் பார்த்துவிட்டு 1.30க்கு “கொஞ்சம் கதைக்கோணும்” என்றால், அவர்களின் காது இறங்குதுறையில்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் பாடத்தைப் பார்த்து இடைவேளையில் கதையுங்கள். சோளகக் காற்று அடித்துப் படகு பிந்தும் நாளில் முதற்பாடத்தை விட்டுவிடுங்கள்.

2. முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று போய்ப் பிடிப்பது பொலிஸ் வேலை.

3. கொப்பித் தாளை நெடுக்காக மடியுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் உங்கள் அபிப்பிராயம். கதைக்கும்போது இடப்பக்கத்தை மட்டும் காட்டுங்கள். “வகுப்புக் கட்டுப்பாடு போதாது” என்றால் பாவம், அவர் என்ன செய்வார்? “9.10க்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பினீர். பின்வாங்குப் பெடியள் இரண்டு பேர் புளியங்கொட்டை சுண்டத் தொடங்கினவை. 9.14க்குத்தான் நீர் இந்தப் பக்கம் திரும்பினீர்” என்று வாசித்துப் பாருங்கள். “எழுதிக்கொண்டே நிண்டிட்டன், சேர்” என்று அவரே சொல்வார். அடுத்த நாள் கணக்குகள் மட்டையில் எழுதியபடி வரும்.

4. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு தரம் ஒரே அறையில் இருக்கும். கோப்பாய் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பயிற்சிக்கு வந்தவருக்கு இது புதிது. பெயர்களை எழுதி, அவர் எந்தப் பிள்ளையோடு கதைத்தாலும் ஒரு கோடு போடுங்கள். பன்னிரண்டு பேரில் நாலைந்து பேருக்குக் கோடே விழாது. தாளை அப்படியே கையில் கொடுங்கள், வேறு பேச்சுத் தேவையில்லை.

5. “எந்த இடம் நல்லாய்ப் போச்சுது, பிள்ளை?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கதைக்க அதிபரின் மேசை வேண்டாம், வேப்பமரத்தடி போதும். தேத்தண்ணியும் இருந்தால் நல்லது.

6. ஏழு பிழை கண்டீர்களா? ஒன்றைச் சொல்லுங்கள், ஆறு உங்களோடு இருக்கட்டும்.

7. சொல்லாததை எழுதாதீர்கள். நான் வேலைக்கு வந்த வருடம் ஒருவர் பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனார். மூன்று நாள் கழித்து, கையெழுத்துக்கு வந்த தாளில்தான் “குரல் போதாது” என்று வாசித்தேன். எனக்கு முதல் கிளாக்கர் வாசித்திருந்தார்.

8. ஒரு கிழமைக்குள் திரும்பவும் பத்து நிமிடம் போய், சொன்ன அந்த ஒன்றை மட்டும் பாருங்கள்.

9. உங்கள் வகுப்பையும் அவர் வந்து பார்க்கட்டும். என் வகுப்பைப் பார்த்த புது ரீச்சர் ஒருவர் கொப்பியை விரித்து, இடப்பக்கத்தை மட்டும் காட்டினார்: “சேர், நீங்கள் ஆறு நிமிசம் முதுகு காட்டி நிண்டனீங்கள்.”