கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்

சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுமுன் கேபினட்டின் பக்கமூடியைக் கழற்றிப் பாருங்கள். முதலில் பவர் சப்ளை. மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்தான். பல ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகளுக்கு அதுவே போதும். ஆர்டிஎக்ஸ் 4060 வரை போவதென்றால் கார்டு மட்டும் 115 வாட் இழுக்கும். 550 வாட் சப்ளை வேண்டும், பெரும்பாலும் 8 பின் இணைப்பும். பம்புசெட் ஓடும்போது மின்னழுத்தம் தள்ளாடும் தஞ்சாவூர்க் கிராமங்களில் பெயர் தெரியாத மலிவு சப்ளையை நம்பவே வேண்டாம். கார்டு விலையில் கொஞ்சம் குறைத்தாவது அதை நல்லதாக வாங்குங்கள்.

உள்ளே இடம் இருக்கிறதா? ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். மானிட்டர் 1080பி என்றால் 8 ஜிபி கார்டு பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும்.

தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசி விசிறியில் அப்பிக்கொள்ளும். கணினியை அணைத்துவிட்டு, இறகு சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.