உத்தரவாதச் சீட்டும் ஊர்ப் பட்டறையும்

மணப்பாறைச் சந்தையில் காளை வாங்கும் விவசாயி, அதற்கு லாடம் அடிக்க விற்றவரிடமே திரும்பிச் செல்ல வேண்டியதில்லை. வையம்பட்டியிலோ வேறு எவ்வூரிலோ தமக்கு நம்பிக்கையான ஆளிடம் அடித்துக்கொள்ளலாம். மோட்டார் கார் விஷயத்தில் இவ்வுரிமை உண்டா என்பதே இம்மாதப் பாடம்.

சென்ற ஆண்டு நாம் தணிக்கை செய்த ஒரு நெசவாளர் சங்கம், கண்காட்சிகளுக்கு ஆளும் துணிக்கட்டும் சேர்ந்து செல்வதற்காக ஒரு சிறு கார் வாங்கியிருந்தது. உத்தரவாத காலத்திற்குள்ளேயே அதன் செல்ப் மோட்டார் பழுதாயிற்று. எஞ்சின் எண்ணெயை ஊர்ப் பட்டறையில் மாற்றியதைக் காரணம் காட்டி, கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தார் இலவசமாகச் சீர்செய்ய மறுத்தனர். காரியதரிசி பணத்தைக் கட்டிவிட்டார். எண்ணெய்க்கும் செல்ப் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. வவுச்சரைப் பார்த்துக் கையெழுத்திட்ட நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கேட்டிருக்கலாம், கேட்பதற்கு ஆதாரமும் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி அமைந்த இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2011-இல் மூன்று கார் கம்பெனிகள் மீது ஒரு பிராது வந்தது. விசாரணை மற்றக் கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாருதி, டாட்டா, மகிந்திரா, ஹோண்டா முதலியனவும், அன்று மறைமலைநகரில் கார் செய்துவந்த போர்டும் அவற்றுள் அடங்கும்.

ஆணையம் கூறிய நியாயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கார் வாங்கும்வரை கம்பெனிகள் போட்டியிட்டு நம்மை அழைக்கின்றன. வாங்கிய மறுநாள் அப்போட்டி மறைந்துவிடுகிறது. ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பாகம் விலை ஏறிற்று என்று காரையே மாற்றவும் முடியாது. ஆகவே விற்பனையில் சிறு பங்கே உடைய கம்பெனியும் தன் காரின் பாகங்களைப் பொறுத்தமட்டில் தனியரசாகிவிடுகிறது. பாகங்களைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் அவற்றை வெளிச்சந்தையில் விற்கவும் தடை இருந்தது. பழுதைக் கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவில்லை. நாடி பார்க்கவே விடாத நோயாளிக்கு வைத்தியர் என்ன மருந்து கொடுப்பார்?

பாகங்களும் கருவிகளும் வெளியாருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும். வெளிப் பட்டறையில் வேலை செய்ததற்காகவே உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் ஷரத்து கூடாது. அவ்வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் உத்தரவிட்டது. கம்பெனிகள் வாளாவிருக்கவில்லை, வழக்குகள் தொடர்ந்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் டொயோட்டா, போர்டு, நிஸான் மூன்றின் மீதும் கண்ட குற்றத்தை உறுதி செய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது.

ஐரோப்பாவில் இவ்விவாதம் இன்னும் பழையது. தேர்ந்த வியாபாரிகளை வைத்தே கார் விற்க வேண்டும் என்ற கம்பெனிகளின் வாதத்தை ஏற்று, 1985-இல் தனிச் சலுகை விதி அளித்தார்கள். 2002-இல் அதனை இறுக்கினார்கள். 2010-இல் ஐரோப்பியக் கமிஷன், சாதாரணப் பராமரிப்பையும் தங்கள் நிலையத்திலேயே செய்தால்தான் உத்தரவாதம் என்பது போட்டிக்கு விரோதமாகலாம் என விளக்கிற்று. அவ்வாண்டின் விதி 2028 மே 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

ஆனால் அளவுக்கு மீறிப் பொருள் கொள்ளலாகாது. உத்தரவாதத்தின்கீழ் இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கம்பெனி நிலையத்திற்கே செல்ல வேண்டும். டில்லித் தீர்ப்பு கார்களைப் பற்றியது. டிராக்டருக்கு நேராகப் பொருந்தாது. விவசாயக் கருவிகளையும் சேர்த்து, பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. நுகர்வோர் சட்டத்தில் கூட்டுறவுச் சங்கமும் ஒரு ‘நபர்’தான், எனினும் வியாபாரத்திற்காக வாங்கிய வண்டி என்ற ஆட்சேபம் எழக்கூடும்.

ஊர்ப் பட்டறையில் வேலை செய்யும் அங்கத்தினர்கள், தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் பெயர், தரம் ஆகியவை கண்ட ரசீதை வாங்கி வைக்க வேண்டும். நமது மெக்கானிக்குகள் வேலையில் காட்டும் அக்கறையை ரசீதில் காட்டுவதில்லை. நிலையத்தார் மறுத்தால், எந்த வெளிவேலையால் எந்தச் சேதம் நேர்ந்தது என எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாய்ப்பதிலை ஏற்கக் கூடாது.

மேற்கூறிய சங்கத்தின் காருக்கு உத்தரவாதம் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்திற்குச் சென்ற வாரம் காரியதரிசியுடன் அமர்ந்து நகல் எழுதினோம். எண்ணெய் மாற்றிய ரசீது மட்டும் இன்னும் அகப்படவில்லை.