பிடித்த படத்தை மறுபடி பார்க்க, கமென்ட்ரியோடு கேட்க: சில குறிப்புகள்

பிடித்த படத்தைப் பத்தாவது தடவை போட்டுப் பார்க்கிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அந்தப் படத்தை எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இன்னொரு ஒலித்தடம் அதே டிவிடியில் இருக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்குக் கமென்ட்ரி என்று பெயர். இருபது வருடமாக நான் ஆசையோடு கேட்டுவரும் விஷயம் இது. அனுபவத்தில் கண்டவற்றை எழுதுகிறேன்.

1. முதல் தடவை பார்க்கும் படத்துக்குக் கமென்ட்ரி போடாதீர்கள். பேசுகிறவர்கள், கேட்பவர் படத்தை முன்பே பார்த்தவர் என்று நினைத்துத்தான் பேசுவார்கள். கொலைகாரன் யார் என்பது முதல் காட்சியிலேயே வெளியே வந்துவிடும். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாவது ஆறப்போட்டு, அப்புறம் கேளுங்கள்.

2. ரிமோட்டில் உள்ள 'ஆடியோ' பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்திப் பாருங்கள். ஒரு டிவிடியில் 8 ஒலித்தடங்கள் வரை வைக்க இடம் உண்டு. பொத்தானுக்கு அகப்படவில்லை என்றால் மெனுவில் 'ஸ்பெஷல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தேடுங்கள்.

3. கமென்ட்ரி ஓடும்போது படத்தின் வசனம் மெல்லியதாகத்தான் கேட்கும். சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டால் காதுக்குப் பேச்சு, கண்ணுக்கு வசனம் என்று இரண்டும் தப்பாது.

4. எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'சிட்டிசன் கேன்'. 1941-ல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த படம். 2001-ல் வந்த அதன் டிவிடியில் சிகாகோவின் விமர்சகர் ரோஜர் எபர்ட் பேசியிருக்கிறார். கதாநாயகன் கேன் தன் பத்திரிகைகளை இழந்து கையெழுத்துப் போடும் காட்சியில், பின்னால் தெரியும் ஜன்னல்கள் சாதாரண அளவில் இருப்பதாகத்தான் நமக்குப் படும். கேன் எழுந்து அவற்றை நோக்கி நடக்கிறார். நடக்க நடக்கச் சிறுத்துக்கொண்டே போகிறார். ஜன்னலடியில் நிற்கும்போது சிறு பையன் அளவுக்கு ஆகிவிடுகிறார். ஜன்னல் அவ்வளவு பெரியது, அறை அவ்வளவு நீளமானது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே கூர்மையில் எடுத்ததால்தான் அந்தத் தூரம் நம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தோற்றுப்போன மனிதன் எவ்வளவு சிறியவன் ஆகிறான் என்பதை வசனம் இல்லாமல் சொன்ன இடம் அது. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தும், எபர்ட் சொல்லும்வரை இதை நான் கவனிக்கவே இல்லை. அறைகளின் கூரைகூடச் சில இடங்களில் மஸ்லின் துணிதான். அதற்கு மேலே மைக்கை வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் படம் பார்த்தாலும் கண் ஒரு தடவை கூரைக்குப் போய்வருகிறது.

5. பழைய படம் என்றால் அறிஞர்கள் பேசும் கமென்ட்ரியைத் தேடுங்கள். இந்த வழக்கமே அப்படித்தான் தொடங்கியது. 1984-ல் கிரைட்டீரியன் நிறுவனம் 1933-ம் ஆண்டின் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் கொண்டுவந்தது. டிஸ்க்கில் ஒலிக்கு இரண்டு தடங்கள். பழைய படத்துக்கு ஒன்றே போதும். காலியாக இருந்த மற்றதில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலை அருங்காட்சியகத்தின் ரொனால்ட் ஹேவர் படம் நெடுகப் பேசினார். குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 207 நிமிடம். அதற்கு ஐந்து அறிஞர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பேசிய கமென்ட்ரி ஒன்று, மைக்கேல் ஜெக் தனியாளாகப் பேசியது ஒன்று என இரண்டு உண்டு. எனக்கு ஜெக் பேசியதுதான் நெருக்கம். ஒரே குரல் கூடவே வரும்போது படத்தின் நீளம் தெரிவதில்லை.

6. இந்த வகையைக் கேட்கும்போது கையில் வேறு வேலை வேண்டாம். திரையில் காட்டும் இடத்தைக் கண் தவறவிட்டால் பேச்சு வீண். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்பதற்கு நண்பர்கள் சேர்ந்து பேசும் கமென்ட்ரிதான் தோது. 'தி திங்' படத்துக்கு இயக்குநர் ஜான் கார்பென்டரும் நடிகர் கர்ட் ரஸ்ஸலும் பேசியதைப் போட்டுவிடுங்கள். பழைய நண்பர்கள் இருவர் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கும்.

7. இயக்குநர் தனியாகப் பேசுவதற்கு இன்னொரு சுவை. 'காட்ஃபாதர்' கமென்ட்ரியில் கொப்போலா, எந்த நிமிடமும் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தோடு அந்தப் படத்தை எடுத்ததைச் சொல்கிறார். ஞானஸ்நானக் காட்சியில் வரும் கைக்குழந்தை அவர் மகள் சோஃபியா. இதைக் கேட்ட பிறகு மறுபடி பாருங்கள். பயந்துபோன ஓர் இளைஞர் அந்தப் படம் முழுக்கக் கூடவே நிற்பார்.

8. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நீட்டிய பதிப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு கமென்ட்ரி. முதல் பாகமே மூன்றரை மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். நான்கையும் கேட்க 14 மணி நேரம் வேண்டும். அடுத்தடுத்த நாளில் கேட்டால் திகட்டிவிடும். முதலில் இயக்குநர் பீட்டர் ஜாக்சனும் எழுத்தாளர்களும் பேசுவது, மாதம் கழித்து வடிவமைப்பாளர்கள் என்று போங்கள். கவசம் செய்தவர்களும் ஊர்களை வரைந்தவர்களும் பேசும் அந்த இரண்டாவதுதான் எனக்கு நான்கிலும் உயர்ந்தது.

9. ஸ்பீல்பெர்க் படங்களில் அவர் குரலைத் தேட வேண்டாம். கமென்ட்ரி பேசுவது அவர் வழக்கம் அல்ல.

10. டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. பதிவு சுருள்பாதையாகப் போகிறது. குறுக்கே விழும் சிறு கீறலை பிளேயர் சமாளித்துக்கொள்ளும், பாதையோடு விழுந்த கீறலில் தடுமாறிவிடும். பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் துடைத்து நல்ல டிஸ்க் ஒன்றை நான் இழந்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும். பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவி, ஒற்றி எடுங்கள். பற்பசை, தின்னர் எதுவும் கிட்டே வரக்கூடாது. டிவிடியில் பதிவு தட்டின் நடுப்பகுதியில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அதற்குக் கெட்டியான மேல்பூச்சு. இரண்டையும் புத்தகம்போல நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

11. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவின் டிவிடி மண்டல எண் 5, ப்ளூ-ரே எழுத்து சி. அமெரிக்க டிவிடி 1, ப்ளூ-ரே ஏ. எல்லா மண்டலத்தையும் படிக்கும் பிளேயர் இல்லாவிட்டால் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

12. சிலர் கமென்ட்ரியைத் தனி ஒலிக்கோப்பாகத் தருவார்கள். 'நைவ்ஸ் அவுட்' படத்துக்கு இயக்குநர் ரையன் ஜான்சன் அப்படித் தந்தார். தியேட்டருக்கு இரண்டாவது தடவை போகிறவர்கள் இயர்ஃபோனில் கேட்பதற்காக. வீட்டில் கேட்கும்போது படத்தை நிறுவனச் சின்னத்தில் நிறுத்தி, கோப்பையும் படத்தையும் ஒரே நொடியில் தொடங்குங்கள். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடியாக இருந்தால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும், பேச்சு பின்தங்கிப்போகும். அவ்வப்போது நிறுத்திச் சரிசெய்துகொள்ளுங்கள்.

13. கேட்கும்போது சின்ன நோட்டு ஒன்றில் மணி, நிமிடத்தோடு குறித்துவையுங்கள். பிறகு கமென்ட்ரி இல்லாமல் ஒரு தடவை, அந்த இடங்களுக்காக மட்டும் படத்தைப் பாருங்கள். எனக்கு இந்த மூன்றாவது பார்வைக்கு ஈடு வேறில்லை.

14. புதிய பதிப்பு வந்துவிட்டது என்று பழைய டிஸ்க்கைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். புதியதில் படம் பளிச்சென்று இருக்கும். கமென்ட்ரி இருக்கிறதா என்று இரண்டு உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். எபர்ட் 2006-ல் புற்றுநோய்ச் சிகிச்சையில் பேசும் சக்தியை இழந்தார்; அதற்குப் பிறகு எழுத்தில் மட்டுமே பேசி, 2013-ல் காலமானார். 'சிட்டிசன் கேன்' டிஸ்க்கில் அவர் அவசரமாக, மூச்சு வாங்க, அடுத்த காட்சி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையோடு பேசுகிறார். அதில் மட்டும் என்னிடம் இரண்டு பிரதிகள். ஒன்று கேட்பதற்கு, ஒன்று உறை பிரிக்காமல் பீரோவில்.