ஒரு நோயாளி கற்பித்த பாடம்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்க.

கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குச் சென்று வந்தவர்களுக்குக் குரங்குகள் புதியவை அல்ல. காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நீண்டவால் குரங்குகள் கூட்டமாகத் திரிவதை ஜொகூர் மக்கள் நன்கறிவர். இக்குரங்குகளின் இரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணி, கொசுவின் வழியாக மனிதருக்கும் மலேரியாவைத் தரும். இந்த உண்மையை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் உணர்த்தியவர் ஒரே ஒரு நோயாளி.

அரிய நோயையோ வழக்கத்திற்கு மாறான அறிகுறியையோ காணும் மருத்துவர், அந்த நோயாளியின் பெயரை வெளியிடாமல் நோயின் விவரங்களை எழுதி மருத்துவ இதழில் வெளியிடுவதுண்டு. இதனை ‘நோயாளர் அறிக்கை’ எனலாம். ஒருவரைப் பற்றிய குறிப்பு பல்லாயிரம் பேருக்கு எவ்வாறு பயன்படும்? இக்கேள்விக்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே விடை உள்ளது.

1932-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் ரோபர்ட் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகிய இருவரும் குரங்கின் மலேரியா ஒட்டுண்ணியை ஊசி மூலம் மனித உடலில் செலுத்தினால் காய்ச்சல் உண்டாகும் என்று கண்டறிந்தனர். பின்னர் அந்த ஒட்டுண்ணிக்கு நோல்ஸின் பெயரையொட்டிப் ‘பிளாஸ்மோடியம் நோலெசி’ எனப் பெயரிடப்பட்டது. ஆனால், காட்டில் கொசுக்கடியால் இயற்கையாகவே இந்நோய் மனிதரைத் தொற்றுமா என்பது 33 ஆண்டுகள் தெரியாமலேயே இருந்தது.

1965-ஆம் ஆண்டு, பகாங் காட்டில் பணிபுரிந்த அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் தாயகம் திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் சோதித்தவர்கள் முதலில் ஒருவகை மலேரியா என்றனர். பின்னர், ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்னும் வேறொரு வகை என்றனர். இரண்டும் தவறு. அவருடைய இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவை கடும் நோய்க்கு ஆளாயின. அப்போதுதான் அது குரங்கு மலேரியா என்பது உறுதியானது. இச்செய்தி அவ்வாண்டே அறிவியல் இதழில் வெளிவந்தது.

அறிக்கையைப் படித்த ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியக் காடுகளை அடுத்து வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தனர். ஒருவரிடமும் அந்த ஒட்டுண்ணி காணப்படவில்லை. 1971-இல், ஜொகூரிலும் ஒருவருக்கு இந்நோய் கண்டிருக்கலாம் என மற்றோர் அறிக்கை வெளியானது. இருப்பினும், குரங்கு மலேரியா மிக அரிதானது என்ற எண்ணமே மருத்துவரிடையே நிலைத்துவிட்டது.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு, சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஒரு முரண்பாடு தெரிந்தது. நுண்ணோக்கியில் பிளாஸ்மோடியம் மலேரியே போலத் தெரிந்த காய்ச்சல், பெரியவர்களையே மிகுதியாகத் தாக்கியது. அவர்களின் இரத்தத்திலும் ஒட்டுண்ணிகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. மலேசியா சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் மரபணுச் சோதனை மேற்கொண்டனர். 2004-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, சோதிக்கப்பட்ட 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேரின் இரத்தத்தில் நோலெசி ஒட்டுண்ணி இருந்தது!

இது வெறும் பெயர்க் குழப்பம் அன்று. மலேரியே ஒட்டுண்ணி 72 மணி நேரத்திற்கு ஒருமுறைதான் பெருகும். நோலெசியோ 24 மணி நேரத்திற்குள் பெருகிவிடும். ஆகவே, ஒருநாள் தாமதமும் உயிருக்கு உலை வைக்கலாம். குரங்கு மலேரியாவால் நால்வர் இறந்ததைப் பற்றி 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்நால்வருக்கும் இருந்தது மலேரியே வகை என்றே முதலில் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. 2018-இல், மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் எவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. அதே ஆண்டில் குரங்கு மலேரியா 4,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும், நோயாளிகளுக்குப் பொருந்தாது. 1965-இல் கிடைத்த ஒரு நோயாளரைக் கொண்டு, இந்நோய் எத்தனை பேருக்கு உண்டு என்று எவராலும் கணக்கிட முடியாது. ‘இப்படியும் நடக்கும்’ என்பதை மட்டுமே அவ்வறிக்கை மெய்ப்பித்தது. பானையின் மூடியைத் திறந்து பார்க்கும்படி அது மருத்துவர்களைத் தூண்டியது. ஒருமுறை பார்த்துவிட்டு மூடியதால், அடுத்த விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஒற்றை அறிக்கை ஒரு கேள்வியே ஆகும். அதனை விடையாக எண்ணிவிடுவதும் பிழை, மறந்துவிடுவதும் பிழை.

மாணவர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. காட்டுக்கோ நீர்வீழ்ச்சிக்கோ சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தையும் நாளையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். நோயாளி சொல்லாத செய்தியை எந்த நுண்ணோக்கியாலும் காட்ட இயலாது.

அருஞ்சொற்பொருள்
ஒட்டுண்ணி – வேறோர் உயிரின் உடலில் தங்கி, அதனால் வாழும் உயிரி
முரண்பாடு – ஒன்றோடொன்று பொருந்தாத நிலை
உலை வைத்தல் – அழிவை உண்டாக்குதல்

கருத்துணர் கேள்விகள்
1. 1932, 1965 ஆகிய ஆண்டுகளின் கண்டுபிடிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு யாது?
2. காப்பிட்டில் ஆய்வாளர்களுக்கு ஐயம் எழக் காரணம் என்ன?
3. ‘ஒற்றை அறிக்கை ஒரு கேள்வியே ஆகும்’ என்னும் கூற்றைச் சான்றுடன் விளக்குக.